விரல்களுக்கேற்ற கருவி: மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்வும் ஏழையின் கண்ணுக்கான உரிமையும்

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவருக்கு இரு கைகளும் எக்குறையும் இன்றி, முழு உணர்ச்சியோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்பது மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் விதியாக இருந்தது. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரின் வழக்கில், 2025 பிப்ரவரி 21 அன்று, நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விசுவநாதன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இவ்விதியைக் கடுமையாக விமர்சித்தது. இது அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவுக்கும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கும் முரணானது என்று அமர்வு கூறியது. ஓர் உடலில் என்ன குறை இருக்கிறது என்று அளப்பதைவிட, அந்த உடலால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

மதுரையில் வழக்காடும் எனக்கு, அத்தீர்ப்பைப் படித்து முடித்ததும் கோரிப்பாளையம்தான் நினைவுக்கு வந்தது. ஏ.வி. பாலத்தைக் கடந்து வடகரையில் ஏறினால் தர்கா, சிலை, நெரிசல் மிகுந்த சந்திப்பு, அதையடுத்து பனகல் சாலையில் அரசு இராசாசி மருத்துவமனை. எர்ஸ்கின் மருத்துவமனை என்று அது அழைக்கப்பட்ட காலத்தில், கண் பிரிவின் தலைமை மருத்துவராக 20 ஆண்டுகள் பணியாற்றியவரின் கைவிரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களைக் கொண்டு அவர் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவர் பெயர் கோவிந்தப்பா வெங்கடசாமி. உலகம் அவரை டாக்டர் வி என்று அழைத்தது.

அவரை மகானாகப் போற்றும் எழுத்துகள் ஏராளம். மேலாண்மைப் பாடமாகக் கற்பிக்கும் எழுத்துகள் அதைவிட அதிகம். உரிமைக்காகப் போராடும் நமக்கு அவர் வாழ்வில் வேறு சில கேள்விகள் உண்டு. கருவி யாருடைய உடலுக்கேற்பச் செய்யப்படுகிறது? ஏழைக்கு எத்தகைய கண் போதும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

கரிசல் காட்டிலிருந்து

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். ஊரில் பள்ளி இல்லை. நெடுந்தொலைவு நடந்து படித்தார். எழுதத் தாளின்றி ஆற்று மணலில் எழுதிப் பழகினார். அவர் சேரியில் பிறந்தவர் அல்லர். அக்காலத்தில் அதே கரிசலில் சேரிப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியின் வாசலே எட்டாததாக இருந்தது என்பதை நினைவிற்கொண்டே இந்த வறுமைக் கதையையும் நாம் படிக்க வேண்டும்.

அவரது இளமையில் உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கலால் அடுத்தடுத்து இறந்தனர். அந்தச் சாவுகள்தாம் அவரை மருத்துவத்தின்பால் திருப்பின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் முதல் விருப்பம்.

ஏறத்தாழ அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொரு பேறுகாலச் சாவை அண்ணல் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். 1929இல் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத வகுப்பு ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாட்களில் நோயுற்றார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், பலர் வற்புறுத்திய பின் வந்தும் நோயாளியைத் தொடவில்லை. வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்தார். அதே வழியில் வெப்பமானி திரும்பியது. அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவக் கருவி என்பது மருத்துவரின் கையை நோயாளியின் உடலோடு இணைப்பது. சாதிச் சமூகத்தில் அதே கருவி இருவரையும் பிரிக்கும் வேலியாகவும் ஆகிவிடும். கருவியைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கக் கூடாத நிகழ்வு இது.

கோணிய விரல்கள்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938இல் பட்டம் பெற்ற வெங்கடசாமி, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் முறுக்கிக்கொண்டன. 1948இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். நிற்பதும் நடப்பதும் எழுதுகோலைப் பிடிப்பதும்கூட மீண்டும் கற்க வேண்டியவை ஆயின. மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

அவர் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். பட்டயமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கண் அறுவை என்பது மில்லிமீட்டர்களில் நடக்கும் வேலை. கை ஓர் இழை நடுங்கினாலும், கருவியின் முனை கண்ணின் பாவையைச் சூழ்ந்த திரையைக் கிழித்துவிடும். கருவிழியின் உட்புறத்தைச் சிராய்த்துவிடும். நல்ல விரல்கள் உள்ளவரே தயங்கும் இத்துறையில் இவர் நுழைந்தது எப்படி என்பதற்கு விடை எளியது. இருக்கும் கருவிகளுக்கு ஏற்ப விரல்களை நிமிர்த்த முடியாது என்பதால், இருக்கும் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். தம் விரல்களின் வளைவுக்கு இசைந்த கருவிகளால் பல மணி நேரம் பழகினார். நாளடைவில் ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்யும் திறன் அவருக்கு வந்தது.

2016ஆம் ஆண்டின் சட்டம், மாற்றுத்திறனாளிக்குத் தேவைப்படும் மாற்றங்களைச் செய்துகொடுப்பது பிறரின் கடமை என்கிறது. வெங்கடசாமியின் காலத்தில் அத்தகைய சட்டம் இல்லை. அவர் தாமே தமக்கு அந்த வசதியைச் செய்துகொண்டார். பட்டம், குடும்பத்தின் ஆதரவு, ஆசிரியர்களின் நம்பிக்கை ஆகியவை அவருக்குக் கிடைத்ததால் அது இயன்றது. இவை கிடைக்காமல் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. தனிமனிதரின் மன உறுதியைப் புகழ்வதோடு நின்றுவிடும் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

எர்ஸ்கினும் முகாம்களும்

1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1956இல் அதன் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் வெங்கடசாமி பொறுப்பேற்றார். மதுரைச் சமவெளியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பேருந்திலும் மாட்டுவண்டியிலும் வந்துசேர்ந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருந்த நோய் ஒன்றே: கண்புரை.

கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த லென்ஸ் வெள்ளையாகிப் பார்வையை மறைப்பதே கண்புரை. முதுமையில் எவருக்கும் வரக்கூடியது. ஆயினும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதை விரைவுபடுத்தும். வாழ்நாள் முழுதும் நிழலின்றி உழைத்த உடல்களை அது முந்திக்கொண்டு பிடிப்பதில் வியப்பில்லை. நிலமற்ற கூலித் தொழிலாளிக்குப் பார்வை போவது என்றால் கூலி போவது. கூலி போனால் வீட்டில் கஞ்சிக்குக் காத்திருக்கும் ஒருவராக மாறுவது. அறுவை செய்தால் மீளக்கூடிய இந்த இருட்டில் இலட்சக்கணக்கானோர் கிடந்தனர்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களிடம் மருத்துவமனையே போக வேண்டும் என்று 1960களில் அவர் கண் சிகிச்சை முகாம்களை நடத்தத் தொடங்கினார். 1966இல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம், 1973இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சி ஆகியவற்றையும் தொடங்கினார். அந்த ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அக்கால முகாம்களின் நிலைமையை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்வது கடினம். பள்ளிக்கூட அறையோ சத்திரமோ அறுவைக் கூடமாகும். மின்சாரம் நிலையாக இராது. தண்ணீரையும் காற்றையும் நம்ப முடியாது. கருவிகளைக் கொதிக்கவைத்துத் தூய்மை செய்வார்கள். இத்தகைய இடத்தில் கண்ணின் மென்திசுக்களைக் காப்பது மருத்துவரின் கைத்திறனை மட்டும் பொறுத்தது அன்று. கண்ணில் ஊற்றும் ஒரு சொட்டு நீர்மம்கூட உயிர்நிலையானது.

அது எவ்வளவு உண்மை என்பதை 1986இல் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் நடந்த முகாம் காட்டியது. அங்கு அறுவை செய்துகொண்டவர்களில் 84 பேரின் கண்கள் மீட்க முடியாதபடி கெட்டன. அறுவையின்போது பயன்படுத்திய உப்புநீர்க் கரைசலில் கிருமி இருந்ததே காரணம் என்று கருதப்பட்டது. பொதுநல வழக்காக வந்த ஏ.எஸ். மிட்டல் வழக்கில் 1989இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாயோடு மேலும் 12,500 ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. இரு தொகைகளையும் கூட்டினால் 17,500 ரூபாய். ஏழையின் பார்வைக்கு இந்த நாடு வைத்த விலை அது. இலவசமாகத் தரப்படும் சிகிச்சையில் தரம் குறைந்தால் கேட்பதற்கு ஏழைக்கு உரிமையில்லை என்ற எண்ணம் முகாம் அமைப்பாளர்களிடமும் அதிகாரிகளிடமும் இன்றும் தொடர்கிறது. சட்டத்தின்முன் இலவச நோயாளியும் கட்டண நோயாளியும் ஒருவரே என்பதை நாம் ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது.

வெங்கடசாமியின் பாதை காலப்போக்கில் மாறியது. முகாமில் நோயாளிகளைப் பரிசோதித்து, அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துவந்து, முறையான அறுவைக் கூடத்தில் சிகிச்சை செய்து, ஊர்கொண்டு சேர்க்கும் முறையை அவர் உருவாக்கிய நிறுவனம் வழக்கமாக்கிக்கொண்டது. பாதுகாப்பற்ற இடத்துக்கு அறுவையைக் கொண்டுசெல்வதைவிடப் பாதுகாப்பான இடத்துக்கு மனிதரைக் கொண்டுவருவதே சரி என்ற முடிவு அது.

பதினொரு படுக்கைகள்

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976இல், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை ஜி. நாச்சியார், அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்ப மருத்துவர்கள் உடன் நின்றனர். வீட்டை அடகு வைத்தும் நகைகளைக் கொடுத்தும் பணம் திரட்டினார்கள். அதே 1976இல்தான் ஒன்றிய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தையும் தொடங்கியது.

அரவிந்தின் கணக்கு எளியது. கட்டணம் தருவோரிடமிருந்து கிடைக்கும் வருமானத்தைக் கொண்டு, தர இயலாதோருக்கு இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் அறுவை செய்வது. அதற்கு அறுவைக்கான செலவு குறைய வேண்டும்; மருத்துவரின் நேரம் வீணாகக் கூடாது. அறுவைக் கூடத்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை முடியும் வேளையில் அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார்; மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்த கண்ணுக்குச் செல்வார். ஆயத்தப் பணிகள் அனைத்தையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். டாக்டர் வி என்ற பெயருக்குப் பின்னால் இவர்களின் உழைப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

இரண்டு வகைக் கண்கள்

அவர் வாழ்வின் மிக முக்கியமான அத்தியாயம் என்று நான் கருதுவது லென்ஸ் பற்றியது.

பழைய அறுவையில் புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுதாக எடுத்துவிடுவார்கள். கண்ணுக்குள் லென்ஸே இராது. நோயாளி வாழ்நாள் முழுதும் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். பொருள்கள் பெரிதாகித் தெரியும். பக்கவாட்டுப் பார்வை குறையும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவர். நாற்று நடவும் களையெடுக்கவும் குனிபவருக்கு அது எத்தகைய கருவி என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய முறையில் லென்ஸின் பின்னுறையைக் கிழிக்காமல் விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். இயற்கையான திசுவைக் காத்து அதையே தாங்கியாகப் பயன்படுத்தும் முறை இது. செயற்கை லென்ஸை 1949இல் இலண்டனில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹெரால்டு ரிட்லி. போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டிலிருந்து சிதறிய அக்ரிலிக் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் அழற்சி ஏற்படுத்தவில்லை என்பதைக் கண்டு அவர் அப்பொருளைத் தேர்ந்தார்.

1980களில் அந்த லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரைத் தாண்டியது. அதனால் ஒரே மருத்துவமனையில் இரண்டு வகைக் கண்கள் உருவாயின. பணம் தருபவருக்கு உள்ளே பொருத்தும் லென்ஸ். முகாமிலிருந்து வந்தவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும், உள்விழி லென்ஸ் கட்டுபடியாகாது என்று வாதிட்ட பன்னாட்டு வல்லுநர்களும் இருந்தார்கள். ஏழைக்கு இவ்வளவு போதும் என்ற இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. பள்ளியிலும் குடியிருப்பிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நாம் கேட்டுவரும் வாதம்தான் அது.

வெங்கடசாமியும் உடனிருந்தோரும் அதை ஏற்கவில்லை. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீனும் தொழில்நுட்பம் பெற உதவினர். நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸ் ஏறத்தாழ பத்து டாலருக்கு வந்தது. பின்னர் இன்னும் குறைந்தது. அதன்பின் தையல் இழைகள், கத்திகள், மருந்துகள் என உற்பத்தி விரிந்தது.

அப்பொருள்களில் ஒன்றை மட்டும் இங்கே விளக்குகிறேன். கருவிழியின் உட்பரப்பில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பரவியுள்ளன. கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை அவையே. அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. அறுவையின்போது கருவியோ, வெளியேறும் கெட்டிப்பட்ட லென்ஸோ அவற்றில் உரசினால், புரை நீங்கியும் கருவிழி மங்கிப் பார்வை போய்விடலாம். அதைத் தடுக்க மெத்தில் செல்லுலோஸ் வகைக் கூழ்மத்தைக் கண்ணின் முன்னறைக்குள் செலுத்துகிறார்கள். அது அறை சுருங்காமல் தாங்கி நிற்கிறது. செல்களுக்கும் கருவிகளுக்கும் இடையே மெத்தைபோல் அமைகிறது. இந்தக் கூழ்மத்தை உள்ளூரில் மலிவாகச் செய்ய முடிந்ததாலும், விலையுயர்ந்த எந்திரம் இன்றி, தையலும் இன்றித் தானே மூடிக்கொள்ளும் சிறு கீறல் அறுவை பரவியதாலும், மின்வசதி குறைந்த ஊர் மருத்துவமனையிலும் பெருநகரத் தரத்தை நெருங்க முடிந்தது. திசுவைக் காக்கும் பொருள் ஆடம்பரம் அன்று என்று மெய்ப்பித்ததே இந்த வரலாற்றின் அறிவியல் சாதனை.

இலவசத்தின் விலை

லென்ஸ் மலிவானது, அறுவை இலவசமானது. ஆயினும் வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, மருத்துவக் கட்டணம் மட்டுமே செலவன்று என்று தெரியவந்தது. பேருந்துக் கட்டணம், தங்கும் நாட்களின் சாப்பாடு, நோயாளியின் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு. இவற்றைக் கண்டபின் முகாம் நோயாளிகளுக்குப் போக்குவரத்தும் உணவும் சேர்த்தே வழங்கப்பட்டன. சமூகநீதித் திட்டங்களைத் தீட்டும் எவரும் இதை மறக்கக் கூடாது. உரிமை என்று தாளில் எழுதிவிட்டு, அதை அடையும் வழிச்செலவை ஏழையின் தலையில் கட்டினால் அது உரிமையாகாது.

மாற்றுக் கருத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அரவிந்தரின் பக்தரான வெங்கடசாமி, தம் பணியை ஆன்மிகத் தொண்டாகவே கண்டார். உரிமை என்ற மொழியில் அவர் பேசியவர் அல்லர். இலவச நோயாளிக்குப் பாயும் கட்டண நோயாளிக்குத் தனியறையும் என்ற வேறுபாடு அவர் அமைப்பில் இருந்தது. அறுவை மேசையில் மருத்துவரும் லென்ஸும் சமமானபோதும், படுக்கை சமமாகவில்லை. தொண்டு என்பது கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. அவர் நல்லவராக இருக்கும்வரை நிலைக்கும். உரிமை அப்படியன்று. 1996இல் மேற்கு வங்க வேளாண் தொழிலாளர் சங்க வழக்கில், உயிர்காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் தராத அரசு மருத்துவமனை வாழ்வுரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நெறி பார்வைக்கும் நீள வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெங்கடசாமியை உருவாக்கியது அரசு மருத்துவமனைதான். அவர் ஏழையின் கண்ணைப் படித்தது எர்ஸ்கினின் வெளிநோயாளிகள் வரிசையில். ஆள் பயிற்றுவித்தது அரசுக் கல்லூரியில். 20 ஆண்டு அரசுப் பணியின் அனுபவமே 11 படுக்கைகளாக வெளியே வந்தது. தனியார் அறக்கட்டளையால் முடிந்த செலவுக் கணக்கும் கருவித் தயாரிப்பும் அரசால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி, அரவிந்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதன்று. அரசைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

வெங்கடசாமி 2006 சூலை 7 அன்று மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம்பி தங்கையரின் குடும்பங்களோடு வாழ்ந்தவர். அவர் காலத்திலேயே தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி ஆகிய இடங்களில் மருத்துவமனைகள் எழுந்துவிட்டன.

கோரிப்பாளையம் சந்திப்பில் இறங்கி அரசு மருத்துவமனையை நோக்கி நடக்கும் கூட்டத்தில் இன்றும் ஒரு பாட்டி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு போவதைக் காணலாம். அந்தப் பேத்தி மருத்துவம் படிக்க விரும்பலாம். அவள் விரல்களில் ஏதேனும் குறையும் இருக்கலாம். பாட்டிக்குக் கிடைக்கும் லென்ஸ் எவருக்கும் கிடைக்கும் லென்ஸாக இருக்க வேண்டும். பேத்தியின் விரல்களைக் காட்டிக் கல்லூரி அவளைத் திருப்பியனுப்பக் கூடாது. இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் சட்டத்தில் இன்று இடம் இருக்கிறது. அவற்றை எழுத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவருவது மாணவர்களும் வழக்குரைஞர்களும் களப்பணியாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.